குறைத்து மதிப்பிடல்: பிழையா, குற்றமா?

பாராட்டு விழாக்களிலும் நூல் அணிந்துரைகளிலும் அடிக்கடி இடம்பெறும் தொடர் ஒன்று உண்டு. 'இவருடைய தமிழ்ப்பணியைக் குறைத்து மதிப்பிட முடியாது' என்பது அது. பெரும்பணி என்பதே சொல்பவரின் கருத்து. கேட்பவரும் அவ்வாறே கொள்கிறார். ஆயினும் சொற்களை மட்டும் கொண்டு நோக்கின், தொடர் வேறொன்றைச் சொல்கிறது. ஒன்றை எவ்வளவு தாழ்த்தி மதித்தாலும் அம்மதிப்பு அதன் உண்மை அளவுக்குக் கீழே செல்ல இயலாது என்றால், அந்த ஒன்றுக்கு மதிப்பே இல்லை என்பதுதான் பொருளாகும். பாராட்ட எழுந்தவர் தம்மை அறியாமலே இகழ்ந்துவிட்டு அமர்கிறார்.

இத்தொடர் ஆங்கில வழக்கிலிருந்து வந்தது எனலாம். 'அண்டரெஸ்டிமேட்' என்னும் வினையை எதிர்மறைத் துணைவினையுடன் ஆளும்போது அம்மொழியினரே தடுமாறுவதை ஆங்கில நடைநூலார் பலகாலமாகச் சுட்டி வந்துள்ளனர். 'கூட்டி மதிப்பிட இயலாது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'குறைத்து மதிப்பிட இயலாது' என்று எழுதிவிடுகின்றனர். தடுமாற்றத்தின் காரணம் நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் 'கேனாட்' என்னும் ஒரே சொல் இயலாமையையும் விலக்கையும் உணர்த்தும். விலக்காகக் கொண்டால் தொடர் சரியாகிறது. இயலாமையாகக் கொண்டால் தலைகீழாகிறது. தமிழில் இவ்விரண்டுக்கும் 'முடியாது', 'கூடாது' எனத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. 'குறைத்து மதிப்பிடக் கூடாது' என்றிருந்தால் குழப்பம் எழுந்திராது. ('வர முடியாது' என்று ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது அங்கு முடியாமை மறுப்பாக நிற்கிறது என்பதும் உண்மையே. எனினும் மேடைத்தொடரில் அப்பொருள் பொருந்தவில்லை.)

இஃது இலக்கணத்தோடு முடியும் செய்தி அன்று. ஒன்றன் வலிமையையோ ஒருவரின் தகுதியையோ உள்ளதற்குக் குறைவாக மதிப்பது, அறிவின் எல்லையால் நேரும் பிழையா? அன்றிச் செய்யக்கூடாததைச் செய்த குற்றமா? முடியாமையின் பாற்பட்டதா, கூடாமையின் பாற்பட்டதா? இவ்வினாவைச் சொற்பொருள் வழியாகவும், புணே நகரின் வரலாற்றில் நிகழ்ந்த ஓர் அழிவின் வழியாகவும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தின் 'எஸ்டிமேட்', 'எஸ்டீம்' ஆகிய இரண்டும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை. அவ்வேருக்கு விலை மதித்தல், மேன்மையாகக் கருதுதல் என்னும் இரு பொருளும் இருந்தன. காலப்போக்கில் முதற்பொருள் ஒரு சொல்லுக்கும் மற்றது இன்னொரு சொல்லுக்கும் சென்று சேர்ந்தன. 'அண்டரெஸ்டிமேட்' 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்குக்கு வந்தபோது 'எஸ்டிமேட்' பெரும்பாலும் கணக்குச் சொல்லாகியிருந்தது. எனவே புதிய சொல் ஒருவகைக் குற்றமின்மையுடனேயே பிறந்தது எனலாம். ஒருவரைக் குறித்து அச்சொல்லை ஆளும்போதும், அளவுகோல் சற்றே பிசகிவிட்டது என்னும் தொனியே மேலோங்குகிறது. 2000ஆம் ஆண்டுத் தேர்தல் காலத்தில் ஜார்ஜ் புஷ் இச்சொல்லின் முன் 'மிஸ்' என்னும் ஒட்டையும் சேர்த்துப் பேசியதை உலகம் நகைத்தது. ஆயினும் அந்நாக்குழறலில் ஒரு தேவை வெளிப்பட்டது என்றும் கொள்ள இடமுண்டு. தாழ்த்தி மதித்தார்கள் என்பதோடு, தவறிழைத்தார்கள் என்பதையும் சொல்ல அவருக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது.

தமிழின் 'மதி' என்னும் வினை இன்றும் பிளவுபடாமல் இருக்கிறது. அளவிடுதல், கருதுதல், பெருமைப்படுத்துதல் ஆகிய பொருள்களைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் அவ்வினைக்குத் தருகிறது. வீட்டின் மதிப்பும் ஆசிரியர்க்குத் தரும் மதிப்பும் ஒரே சொல்லால் வழங்கப்படுகின்றன; மதியாமை என்பது நேரே அவமதிப்பாகும். ஆனால் 'மதிப்பீடு' என்னும் பிற்காலச் சொல்லில் மரியாதைப் பொருள் அறவே இல்லை. 'அவர்மேல் எனக்கு மதிப்பீடு உண்டு' என்று எவரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் நூற்றாண்டுகளாக நடந்த பிரிவு தமிழில் ஓர் 'ஈடு' சேர்ந்ததும் நிகழ்ந்துவிட்டது. பொதுப்பணித் துறை அலுவலகங்களில் 'எஸ்டிமேட்' அப்படியே தமிழ்ச் சொல்லாகிவிட்டதையும் இதனோடு சேர்த்துக் காணலாம்.

புணேயின் மொழியாகிய மராத்தியில் 'கமீ லேகணே' என்பது குறைத்து மதிப்பதைக் குறிக்கும் இயல்பான தொடர். 'லேகணே' என்பதற்குக் கணக்கில் கொள்ளுதல், ஒருவாறாகக் கருதுதல் என்னும் பொருள்கள் உண்டு. 'துச்ச லேகணே' என்றால் இழிவாக எண்ணுதல். கணக்கும் கருத்தும் அங்கும் ஒரே வினையில் தங்கியிருக்கின்றன.

இகழ்ச்சி

பழந்தமிழில் இக்கருத்தின் அடித்தளமாக அமைவது 'இகழ்' என்னும் சொல்லாகும். இகழ்தலுக்குப் பழித்தல், எள்ளுதல் என்பது ஒரு பொருள். மறத்தல், கவனமின்றி இருத்தல் என்பது மற்றொரு பொருள். இரண்டும் தொடர்பற்றவை போலத் தோன்றினும் உள்ளே ஒன்றுபடுகின்றன. எதனைச் சிறிதென எண்ணுகிறோமோ அதனிடம் விழிப்பை இழக்கிறோம். திருக்குறளில் பொச்சாவாமை அதிகாரத்தின் 539ஆம் குறள், மகிழ்ச்சியில் செருக்கும் வேளையில் இகழ்ச்சியால் முன்பு கெட்டவர்களை நினைத்துப்பார்க்கச் சொல்கிறது. அங்கு இகழ்ச்சி என்பது மறதியே. எனினும் சொல்லின் மற்றப் பொருளாகிய எள்ளலும் அதன் நிழலாக நிற்கிறது.

இங்கு வேறுபாடு ஒன்று புலப்படுகிறது. வலியறிதல் அதிகாரம் பெரிதும் தன் ஆற்றலை மிகுத்து எண்ணுதலைப் பற்றியது. மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சும் அளவு மீறினால் முறியும் என்பது அங்குள்ள உவமை. பிறரைக் குறைத்து எண்ணுதலோ வினைத்திட்பத்தில், பெருந்தேரின் அச்சாணியை உவமையாக்கும் 667ஆம் குறளில் வருகிறது. அச்சும் அச்சாணியும் ஒரே ஊர்தியின் உறுப்புகள். தன்னை மிகுத்தலும் பிறிதைக் குறைத்தலும் ஒரே செயலின் இரு முகங்கள் என்பதற்கு இதனைவிடப் பொருத்தமான சான்று தேட வேண்டியதில்லை. இரண்டு இடங்களிலும் வள்ளுவர் 'தெரியவில்லை' என்னும் காரணத்தை ஏற்கவில்லை. அறிந்து செய்க, எள்ளாதிருக்க என்னும் ஏவல் தொனியே இருக்கிறது. மதிப்பிடுதல் ஒழுக்கத்தின் பகுதியாகவே கருதப்பட்டது.

போர்க்களத்தில் இஃது எளிதில் விளங்கும். 1663 ஏப்ரலில் புணேயின் லால் மஹாலில் நடந்தது அவ்வகையானது. ஔரங்கசீப்பின் தாய்மாமனாகிய சாயிஸ்தா கான் பெரும்படையுடன் நகரைக் கைக்கொண்டு, சிவாஜி இளமையில் வளர்ந்த மாளிகையிலேயே தங்கினான். சிவாஜி சிறு குழுவுடன் இரவில் உட்புகுந்து தாக்கியபோது கானின் விரல்கள் துண்டுபட்டன, மகன் மாண்டான். படைகளின் எண்ணிக்கையில் கான் பிழை செய்தவன் அல்லன். அவன் பக்கம் பன்மடங்கு வலிமை இருந்தது என்பது சரியான கணக்கே. சுவர்கள் அனைத்தையும் அறிந்த ஒருவனுடைய வீட்டில் உறங்கலாம் என்று எண்ணியதில்தான் இகழ்ச்சி இருந்தது. அவ்விகழ்ச்சிக்குரிய விலையை அவனும் அவன் குடும்பமும் காவலருமே கொடுத்தனர். இகழப்பட்டவன் எதிரே நின்றான், திருப்பித் தாக்கினான். அறவியல் நோக்கில் இதில் சிக்கல் மிகுதியாக இல்லை.

பான்ஷேத், 1961

சிக்கல், இகழப்படுவது நீராக இருக்கும்போது எழுகிறது.

புணேயின் நடுவே ஓடும் முட்டா ஆற்றின் மேற்பகுதியில், அதன் துணையாறாகிய அம்பியின் குறுக்கே பான்ஷேத் மண்ணணை 1957 முதல் கட்டப்பட்டு வந்தது. பாசனத்துக்கும் நகரின் குடிநீருக்கும் உரிய திட்டம் அது. பணி விரைவுபடுத்தப்பட்டு, முற்றுப்பெறாத நிலையிலேயே 1961ஆம் ஆண்டுப் பருவமழையில் அணையில் முதன்முறையாக நீர் தேங்கியது. நீரை வெளியேற்றும் வழியின் கதவுகளும் அவற்றை இயக்கும் பொறிகளும் முழுமையாகப் பொருத்தப்பட்டிருக்கவில்லை. மழை வலுத்து நீர்மட்டம் விரைவாக உயர்ந்தது. வெளியேறும் நீரின் விசையால் அடியிலிருந்த நீர்வழி அதிர்வுற்றது. அதன் மேலிருந்த மண் தாழ்ந்தது. இராணுவ வீரர்கள் இரவெல்லாம் மணல் மூட்டைகளை அடுக்கிப் போராடினர். ஜூலை 12 காலையில் அணை உடைந்தது. கீழே 1879இல் முடிக்கப்பட்ட கடக்வாஸ்லா கல்லணையும் அவ்வெள்ளத்தைத் தாங்காமல் உடைந்தது. ஆற்றங்கரைப் பேட்டைகள் நீரில் மூழ்கின. நகருக்குக் குடிநீர் தந்த ஏரியே வெள்ளமாக வந்து போய்விட்டதால், வெள்ளம் வடிந்தபின் ஊருக்குத் தண்ணீர் இல்லை. இறந்தோர் தொகை பற்றி இன்றுவரை ஒத்த கருத்தில்லை.

மணல் மூட்டைகள் பெற்றுத்தந்த சில மணி நேரத்தால் உடைப்பு இரவில் நிகழாமல் பகலில் நிகழ்ந்தது. இல்லையேல் உயிரிழப்பு பன்மடங்காகியிருக்கும் என்று புணே மக்கள் நன்றியோடு நினைவுகூர்வர். அந்நன்றி முற்றிலும் தகுதியானது. ஆயினும் அது வேறொரு வினாவை மறைத்துவிடக் கூடாது. அணை உடையக்கூடும் என அஞ்சி மூட்டை அடுக்கிய அதே இரவில், கீழே உறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த அச்சம் எவ்வளவு தெரிவிக்கப்பட்டது என்பதே அவ்வினா.

இங்கு குறைத்து மதிப்பிடப்பட்டது யாது? மழையின் அளவு என்பது ஒரு விடை. அணைக்கட்டுத் தொழிலில் எதிர்பார்த்ததற்கு மேல் மழை பெய்வது எப்போதும் கூடியதே. அதனை எவர்மேலும் குற்றமாகச் சுமத்த இயலாது. இது 'முடியாது' என்னும் வகை. ஆனால் கதவு முழுமையாகப் பொருத்தப்படவில்லை என்பது எவராலும் மதிப்பிடப்பட வேண்டிய செய்தி அன்று. அது கண்ணால் காணத்தக்கது. அதனை அறிந்தும், இந்த ஆண்டு மழை அவ்வளவு பெய்யாது, பெய்தாலும் மண் தாங்கும் என்று கருதியதில்தான் மதிப்பீடு நுழைகிறது. வினைசெயல்வகை அதிகாரம் முடிக்காமல் விட்ட வேலையின் மிச்சத்தை அணைக்காமல் விட்ட நெருப்பின் மிச்சத்தோடு ஒப்பிடுவது இங்கு நினைக்கத்தக்கது. இது 'கூடாது' என்னும் வகை. நீரை எள்ளினால் நீருக்கு மானக்கேடு இல்லை. நீரின் வலிமையைப் பற்றிய ஒவ்வொரு மதிப்பீட்டுக்குள்ளும் கரையில் வாழ்வோரின் உயிரைப் பற்றிய மதிப்பு ஒன்று மறைந்திருக்கிறது. 'மதி' என்னும் வினையின் இரு பொருளும் இவ்விடத்தில் மீண்டும் ஒன்றாகின்றன.

1877இல் ஆங்கிலேயக் கணிதவியலாரும் மெய்யியலாருமாகிய கிளிஃபர்டு 'நம்பிக்கையின் அறவியல்' என்னும் கட்டுரையில் ஒரு கப்பலுரிமையாளரைப் படைத்துக் காட்டினார். கப்பல் பழையது, பழுதுடையது. ஐயம் எழுந்தபோது, பல புயல்களைக் கண்ட கப்பல் இதையும் கடக்கும் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு, குடிபெயர்வோரை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் உண்மையாகவே நம்பினார் என்பது அவரை விடுவிக்காது. அவ்வாறு நம்ப அவருக்கு உரிமையில்லை என்பது கிளிஃபர்டின் முடிபு. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் குறையாது, வெளிப்படாமல் போயிருக்கும், அவ்வளவே என்றும் அவர் கூறுகிறார்.

இப்பின்பகுதிதான் கடினமானது. 1961 ஜூலையில் மழை சற்று ஓய்ந்திருந்தால் பான்ஷேத் அணை நின்றிருக்கக்கூடும். அப்போது பணியை விரைவுபடுத்தியவர்கள் திறமைசாலிகள் என்று பாராட்டப்பட்டிருப்பர். அதே செயல், அதே அறிவு, அதே எண்ணம். வேறுபட்டது மேகம் மட்டுமே. 1976இல் பெர்னார்டு வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் அறத்தீர்ப்பில் ஊழின் பங்கு எவ்வளவு என்று எழுப்பிய வினா இதுவே. நிகழ்ந்தபின் தீர்ப்புச் சொல்வோருக்கு எல்லாம் முன்பே தெளிவாக இருந்தது போலத் தோன்றும் என்பதையும் மறுப்பதற்கில்லை. அணை கட்டியோரின் நிலையைப் பிற்காலத்தார் தம் எளிய இருக்கையிலிருந்து தாழ்த்தி மதிப்பதும் ஓர் இகழ்ச்சியே. ஆகவே விளைவை விடுத்து, மதிப்பிட்ட நேரத்தில் எது அறியப்பட்டிருந்தது, எது அறிய முயலாமல் விடப்பட்டது என்று வினவுவதே நேர்மையான முறையாகும். அம்முறையில் பார்க்கும்போது, பொருத்தப்படாத கதவு கதவாகவே நிற்கிறது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும்.

அகராதிக்காரரின் கணக்கு

குறைத்து மதிப்பிடல் எல்லாம் குற்றம் எனக் கொண்டால் உலகில் பெரும்பணி எதுவும் நடவாது என்னும் மறுப்பு எழலாம். அது வலிமையான மறுப்பு. பொருளியலார் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1967இல், தடைகளை முன்கூட்டியே சரியாக மதித்திருந்தால் பல திட்டங்கள் தொடங்கப்பட்டே இரா என்றும், அறியாமை சில வேளை மறைந்திருந்து உதவும் கையாகிறது என்றும் வாதிட்டார்.

தமிழறிஞர் உலகம் இதனை நன்கு அறியும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்கு 1879இல் ஒப்பந்தம் செய்தபோது பத்தாண்டுகளில் முடியும் எனக் கணக்கிட்டனர், 1928இல்தான் முடிந்தது. அதன் ஆசிரியர் மர்ரே 1915இலேயே மறைந்தார். புணேயிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் 1919இல் தொடங்கிய மகாபாரதச் செம்பதிப்பு 1966இல் நிறைவுற்றது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் சுக்தங்கர் 1943இல் காலமானார். டெக்கான் கல்லூரியில் 1948இல் திட்டமிடப்பட்ட சமற்கிருத வரலாற்று அகராதி, தலைமுறைகள் கடந்தும் முதல் உயிரெழுத்தைத் தாண்டாமல் தொகுதி தொகுதியாக வந்துகொண்டிருக்கிறது. இவற்றைக் கேட்டு எவரும் சினங்கொள்வதில்லை. மாறாக ஒருவகை மரியாதையே தோன்றுகிறது. (அகராதிப் பணிக்குக் காலவரையறை கேட்கும் நிதிக்குழுக்களைத் தவிர.)

 பான்ஷேத்துக்கும் டெக்கான் கல்லூரிக்கும் இடையே உள்ள அறவியல் தொலைவு மிகப் பெரிது. அகராதிக்காரர் தம் கணக்கு தவறியதன் விலையைத் தம் வாழ்நாளால் தாமே செலுத்தினார். அவர் குறைத்து மதித்தது தம் உழைப்பை. அதனால் கெட்டது அவருடைய ஓய்வு. அணையில் கணக்கிட்டவர் ஒருவர். விலை கொடுத்தவர் வேறொருவர். விலை கொடுத்தவரிடம் கணக்கு காட்டப்படவும் இல்லை. ஹிர்ஷ்மனின் மறைந்திருந்து உதவும் கை எவர் பையிலிருந்து எடுக்கிறது என்று கேட்டால் பிழையும் குற்றமும் பிரியும் இடம் தெரிகிறது. தன் நலத்தின்மேல் மட்டும் தவறுபவன் துணிந்தவன் ஆகலாம். பிறருடைய உயிரின்மேல் தவறுபவனுக்கு அதே துணிவு உரியதன்று. அங்கு ஐயமே கடமை.

இதில் மொழிக்கும் பங்குண்டு. விபத்துகளைப் பற்றிய அலுவல் அறிக்கைகளில் 'நீர்வரத்து குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது' என்பது போன்ற தொடர் காணப்படும். அத்தொடரில் செய்தவர் இல்லை. எவரால் என்பதும் இல்லை. எவரைப் பற்றி என்பதும் இல்லை. எண் ஒன்று தானாகவே சிறுத்துவிட்டது போல இருக்கும். 'இகழ்ந்தார்' என்று எழுதுவதானால் யார், யாரை என்னும் இரண்டையும் சொல்லியே தீர வேண்டும். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் 'குறைமதிப்பீடு' என்னும் சொல்லைப் புள்ளியியலுக்கும் கணக்கியலுக்கும் வகுத்தது தேவையானதே. அதே சொல்லை அணைக்கும் பாலத்துக்கும் நோயாளிக்கும் நீட்டும்போது அது செயப்பாட்டு வினையின் துணைகொண்டு பொறுப்பையும் கழுவிவிடுகிறது. பழைய சொல்லைத் தள்ளிவிட்டால் அதனோடு ஒரு வினாவும் தள்ளப்படும்.

பான்ஷேத் அணை பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. தானாஜிசாகர் என்னும் பெயருடன் இன்று கடக்வாஸ்லா, வரஸ்காவ், தேம்கர் ஆகியவற்றோடு சேர்ந்து புணேக்கு நீர் தருகிறது. மழைக்காலத்தில் இந்நான்கிலும் உள்ள நீரின் அளவு நாள்தோறும் நாளிதழ்களில் வெளியாகிறது. மகாராட்டிர நீர்வளத் துறை ஆறுகளின் இருமருங்கும் இரு கோடுகளை வரையறுத்துள்ளது. 25 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்துக்கு நீலக்கோடு. 100 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியதற்குச் செங்கோடு. இரண்டும் மதிப்பீடுகளே. கோட்டின் உட்புறம் நிலத்துக்கு விலை குறைவு, வெளிப்புறம் அதிகம்; எனவே கோடு எங்கே செல்ல வேண்டும் என்பதில் கட்டுமானத் தொழிலாரும் நகராட்சியும் ஆற்று ஆர்வலரும் ஓயாமல் மாறுபடுகின்றனர். 2024 ஜூலை 25 அன்று கடக்வாஸ்லாவிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் சிங்ககட் சாலைப் பகுதிக் குடியிருப்புகளில் புகுந்தபோது, எச்சரிக்கை தங்களை உரிய நேரத்தில் எட்டவில்லை என்று அங்கு வாழ்வோர் கூறினர். திறக்கப்பட்ட நீரின் அளவு, கன அடிக் கணக்கில், அன்றே அறிவிக்கப்பட்டிருந்தது.